புளி போட்டு விளக்கிய இருபத்துமூன்று காசுகள்

2 நவம்பர், வியாழன்

டாக்டர் எழுதி வைக்கச் சொன்னது மூன்றே விஷயம்: மாத்திரை, மலம், தூக்கம். ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது, அதையே எடுத்துக்கொண்டேன். மூன்று வரி எழுதினால் பக்கத்தில் பாக்கி இடம் என்னைப் பார்த்து முறைக்கிறது. இருபத்தேழு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேசியே சம்பளம் வாங்கின ஆபரேட்டர் பாக்கியம் நான். இப்போது வீட்டில் பதில் பேச ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாத்திரை: காலை ஆறு, மதியம் ஒன்று, இரவு எட்டரை. மலம்: ஆனது. தூக்கம்: அவருக்கு ஏழு மணி நேரம், எனக்கு மூன்று.

அவர் என்பது என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. வயது அறுபத்தெட்டு. இங்கே கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் நாற்பது வருடம் எழுத்து எழுதினவர். பஸ்ஸின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பின்னால் 'ஒலி எழுப்பவும்', பக்கவாட்டில் ஊர்ப் பெயர்கள், எல்லாம் அவர் கை. ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வலது பக்கமாகச் சரிந்தார். கை, கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. நாம் சொல்வது புரிகிறது. பதிலுக்கு 'ஆங்' என்ற ஒன்றுதான் வருகிறது. பசித்தாலும் ஆங், வயிறு நிறைந்தாலும் ஆங். முன்பும் பெரிய பேச்சுக்காரர் இல்லை, நான் பத்துப் பேசினால் அவர் அரை பேசுவார். அந்த அரையாவது இருந்தது.

நாளை வெள்ளி. மீசை கத்தரிக்க வேண்டும். கல்யாணத்தன்று பார்த்த அதே மீசை, மேலுதடு தெரியாமல் மூடிக்கொண்டு நிற்கும். எந்தச் சலூன்காரரையும் அதைத் தொட விட்டதில்லை. அவரே சின்னக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்வார். இப்போது நான் வெட்டுகிறேன்.

3 நவம்பர், வெள்ளி

மலம் இல்லை. மீசை ஆனது.

5 நவம்பர், ஞாயிறு

சுகந்தி போன் செய்தாள். என் ஒரே மகள், கோயமுத்தூரில் பேங்கில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இல்லம் இருக்கிறதாம், இந்த மாதிரி விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ள. நர்ஸ் உண்டு, கால் பயிற்சி உண்டு. டிசம்பர் ஒன்றாம் தேதி ஒரு கட்டில் காலியாகிறது. இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமைக்குள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும்.

"நீ செத்துப்போயிருவேம்மா இப்படியே இருந்தா" என்றாள்.

"ஆளு வெச்சுப் பாத்தாச்சல்ல கண்ணு."

"வெச்சு ரெண்டு நாள்ல தொரத்திட்ட. ரெண்டு பேரையும்."

துரத்தினேன்தான். முதல் ஆள் அவருக்கு நகம் வெட்டுகிறேன் என்று சதையோடு வெட்டினான். இரண்டாவது ஆள் ஒரு வாய் விழுங்குவதற்குள் அடுத்த வாய் ஊட்டினான். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வேற்றுக் கை வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இருபத்தேழு வரைக்கும் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க நேரம் எங்கே இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

7 நவம்பர், செவ்வாய்

ரோசலின் வந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், வாரம் இரண்டு நாள் திருச்சியிலிருந்து வருகிறாள். ஆப்பிள் படம், யானைப் படம் எல்லாம் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாள். 'ஆப்பிளைத் தொடுங்க அங்கிள்' என்றால் இவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அவமானமாக இருக்கிறது போலிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

"அங்கிளுக்கு உயிரா இருந்த பொருள் ஏதாவது இருக்கா ஆன்ட்டி? அதை வெச்சு ஆரம்பிக்கலாம்."

நான் பீரோவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அந்த இரும்பு பீரோவில் இருப்பது காசுகள். அமராவதி ஆற்று மணலைச் சலிப்பவர்களிடமிருந்து அவர் வாங்கிச் சேர்த்த ரோமாபுரிக் காசுகள். பொன்னும் இல்லை வெள்ளியும் இல்லை, சுண்டுவிரல் நகமளவு செப்புக் காசுகள். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னால் யாரோ வியாபாரிகள் கொண்டுவந்ததாம். பட்டறை லீவு நாளெல்லாம் லென்ஸை வைத்துக்கொண்டு அதிலேயே குனிந்துகிடப்பார்.

அந்த பீரோ வந்த கதையை எழுதிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை. 1984, எனக்குத் தலைப்பொங்கல் வருடம். போகியன்று வீட்டிலிருந்த பித்தளை, செம்பு அத்தனையையும் முற்றத்தில் போட்டுப் புளியும் சாம்பலும் வைத்து விளக்கினேன். ஜன்னலோரம் ஒரு தட்டில் பச்சைக் களிம்பு பிடித்த காசு இருபத்துமூன்று கிடந்தது. புது மாப்பிள்ளை சந்தோஷப்படுவாரே என்று புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நார் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். எல்லாம் ரோஜாப்பூ நிறத்தில் மின்னிற்று. தாம்பாளத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவர் வந்தார், பார்த்தார். ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். காப்பி இருக்கிறதா என்று கேட்டார். குடித்தார். படமெல்லாம் அந்தக் களிம்பில்தான் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு வாத்தியார் சொல்லித்தான் தெரிந்தது. மறுவாரம் இந்த பீரோ வந்தது, பூட்டோடு.

ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். நாற்பது வருடமாக அந்த பீரோவை வெளிப்பக்கம் துடைப்பதோடு சரி.

8 நவம்பர், புதன்

திறந்தேன். சாவி சமையலறையில் மஞ்சப்பை தொங்கும் ஆணியிலேயே எப்போதும் இருக்கும். அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே தட்டுத் தட்டாக இழுப்பறைகள். ஒவ்வொரு காசுக்கும் ஒரு அட்டை. முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு படம் மையில் வரைந்து, கீழே பஸ்ஸில் எழுதுகிற அதே எழுத்தில் விவரம்: கிடைத்த இடம், கொடுத்தவர், நிலை. காசில் ஒன்றுமே தெரியவில்லை, பச்சைப் பொட்டு மாதிரி இருக்கிறது. அட்டையைப் பார்த்துவிட்டு லென்ஸில் பார்த்தால் மெல்ல மெல்ல வருகிறது. ஓர் ஓநாய், அதன் மடியில் பால் குடிக்கும் இரண்டு பிள்ளைகள், மேலே இரண்டு நட்சத்திரம். இரண்டு சிப்பாய்கள், நடுவில் கொடி. இரண்டு கோபுரம் வைத்த கோட்டை வாசல்.

ஒன்றில் குதிரையிலிருந்து விழுகிறான் ஒருவன், இன்னொருவன் அவனை ஈட்டியால் குத்துகிறான். விழுகிறவன் கையைத் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்கிறான். சுற்றி எழுதியிருப்பதற்கு 'நல்ல காலம் திரும்பிவிட்டது' என்று அர்த்தமாம், அட்டையில் இருக்கிறது. யாருக்கு நல்ல காலம்? குத்து வாங்குகிறவனைக் கேட்டார்களா?

இன்னொன்றில் ஆளே இல்லை. ஒரு மாலை, அதற்குள் மேலே மூன்று எக்ஸ், கீழே நான்கு எக்ஸ். 'முப்பது வருட ஆட்சிக்கு நேர்த்திக்கடன் செலுத்தியாயிற்று. நாற்பதுக்கு வேண்டுதல்' என்று எழுதியிருக்கிறார். எங்களுக்கும் இந்த ஆவணியோடு நாற்பது முடிந்தது. நாங்கள் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

10 நவம்பர், வெள்ளி

ரோசலின் தட்டில் காசுகளைப் பரப்பி, "ஓநாய் எது அங்கிள்?" என்றாள். இடது கை நேராக அங்கே போயிற்று. வாசல்? சரி. சிப்பாய்? சரி. பன்னிரண்டு கேட்டாள், பன்னிரண்டும் சரி. நானும் ரோசலினும் லென்ஸ் வைத்துக்கூட இரண்டில் தடுமாறினோம். கடைசியில் உதட்டைக் குவித்து "ஓ" என்றார். ஓநாயின் ஓ.

ரோசலின் கை தட்டினாள். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். சந்தோஷம்தான், ஆனால் அழுதால் மறுபடி முகம் கழுவ வேண்டும், அதற்குக்கூடத் தெம்பில்லை.

மீசை ஆனது.

12 நவம்பர், ஞாயிறு. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஒன்றேமுக்கால் மணி நேரம். என் இடுப்பு விட்டுப்போயிற்று. பலகாரம் சுடவில்லை, பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள். வெடிச் சத்தத்துக்கு அவர் திடுக்கிட்டு மூன்று தடவை படுக்கை நனைந்தது. மூன்று தடவையும் மாற்றினேன்.

14 நவம்பர், செவ்வாய்

இன்று எழுத ஒன்றுமில்லை. ரோசலினை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

16 நவம்பர், வியாழன்

ரோசலின் வந்தாள். சட்டையைத் தளர்த்தும்போது அவர் வலது தோளுக்குக் கீழே பார்த்தாள். நான்கு விரல் அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது.

"என்னாச்சு ஆன்ட்டி இங்க?"

"கட்டில் சட்டத்துல பட்டுருக்கும்."

"விழுந்த பக்கத்துக் கையைப் பிடிச்சு மட்டும் எப்பவும் தூக்காதீங்க. தோள் எலும்பு கழண்டுரும்."

"தெரியும், சொல்லியிருக்கீங்க" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

17 நவம்பர், வெள்ளி

மூன்றாவது இழுப்பறையில் ஒரு காசு. பெண் ஒருத்தி, முதுகில் சிறகு. வெற்றிக்கு அவர்கள் வைத்த தெய்வம் இவள் என்று அட்டையில் இருக்கிறது. நடந்துகொண்டே திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் ஒருவனைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகிறாள். அவன் மண்டியிட்ட மாதிரி இழுபடுகிறான். சுற்றி எழுதியிருப்பது 'நாட்டின் நலம்' என்று.

இந்த மாதிரி பத்துப் பதினோரு காசு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். பயிற்சிக்கு வேண்டாம். சின்னதாக இருக்கிறது, கண் வலிக்கிறது.

மீசை ஆகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

20 நவம்பர், திங்கள்

ரேஷன் கடைக்குப் போனேன். பூட்டியிருந்தது. திரும்பி வராமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பழனி பஸ் ஒன்று புறப்படத் தயாராக நின்றது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். காற்று நன்றாக வந்தது. கண்டக்டர் வந்து "எங்கீங்க்கா?" என்றார். இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. நனைந்தபடியே கிடந்தார். என்னைப் பார்த்ததும் "ஆங்" என்றார்.

ஒரு மணி மாத்திரை மூன்றுக்குக் கொடுத்தேன்.

23 நவம்பர், வியாழன்

இன்று நடந்தது நிறைய. வரிசையாக எழுதுகிறேன்.

ரோசலின் போன பிறகு காசுத் தட்டு அவர் மடிப் பலகையிலேயே இருந்தது. சுகந்தி போன் செய்தாள். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டேதான் பேசினேன், தள்ளிப் போகத் தோன்றவில்லை. "சரி கண்ணு, ஒண்ணாந்தேதி கார் எடுத்துட்டு வா. கூட்டிட்டுப் போயிரலாம்" என்றேன்.

பின்னால் ஒரே சத்தம். இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டிருந்தார். அறை முழுக்கக் காசு. நான் போனை வைத்துவிட்டு, "ஏனுங், இதையுங் குனிஞ்சு பொறுக்கோணுமாங் நானு?" என்று கத்தினேன். முதல் தடவையாக அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்து மீசைக்குள் போயிற்று.

பதினெட்டுக் காசு எடுத்து வைத்திருந்தேன். பதினேழு கிடைத்தது. பதினெட்டாவதைத் தேடி பீரோவுக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்தேன். அடியில் ஒரு இழுப்பறை இருந்தது. நின்றபடி பார்த்தால் தெரியாது. இழுத்தேன். உள்ளே ஒரு சின்னப் பெயின்ட் டப்பா. மூடியைத் திறந்தால், வெள்ளைக் காகிதத்தில் தனித்தனியாக மடித்து இருபத்துமூன்று பொட்டலம். பிரிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. வழவழவென்று, ஒரு முகம் இல்லை, ஒரு குதிரை இல்லை. நான் தேய்த்த காசுகள். ஆற்றில் வீசியிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

கூடவே ஒரே ஒரு அட்டை. மற்ற அட்டைகளுக்கு இல்லாத அளவுக்கு இதற்கு எழுத்தில் நிழல் கொடுத்து, ஓரத்தில் பூங்கொடி வரைந்திருந்தார், கல்யாண பஸ்ஸுக்கு வரைகிற மாதிரி.

மொத்தம்: 23
முன்பக்கம்: இருந்தது.
பின்பக்கம்: இருந்தது.
கிடைத்த இடம்: எங்கள் வீட்டு முற்றம், 1984 போகி.
கொடுத்தவர்: பாக்கியம்.
நிலை: பளபளப்பு.
யாருக்கும் கொடுப்பதற்கில்லை.

தரையிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். எனக்கு இவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இதை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன? இரண்டு வரி. நாற்பது வருடமாக அந்த பீரோவைச் சுற்றிக்கொண்டு போனேனே. சாவி என் மஞ்சப்பைக்குக் கீழே தொங்கிற்று, நானும்தான் ஒரு நாள் எடுத்துப் பார்க்கவில்லை.

24 நவம்பர், வெள்ளி

14-ஆம் தேதி எழுதாததை இன்று எழுதுகிறேன்.

அன்று காலை கழுவி, மாற்றி, பால் கொடுத்து நிமிர்ந்தேன். உடனே மறுபடி படுக்கையிலேயே போய்விட்டார். எழுந்து உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. அந்த வலது கையைப் பிடித்து என் பலம் முழுக்க இழுத்தேன். கட்டிலின் நடுவிலிருந்து ஓரம் வரை இழுத்தேன். அவர் ஆங் ஆங் என்றார். எனக்குக் கேட்டது. கேட்டும் இழுத்தேன். சட்டம் படவில்லை, நான்தான்.

இன்று மத்தியானம் அலமாரி மேலிருந்த கவரை எடுத்து, சிறகுக்காரி காசு ஒன்றை அவர் பலகையில் வைத்தேன். "அன்னிக்கு நாந்தானுங் இழுத்தேன். வேணும்னே இழுத்தேன். அந்தப் புள்ளகிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்" என்றேன். அவருக்குத் தெரியாத மாதிரி அவரிடமே சொல்கிறேன், பாருங்கள்.

அவர் காசையே பார்த்தார். பிறகு இடது கை விரலால் அதைத் திருப்பப் பார்த்தார். நகத்துக்குச் சிக்கவில்லை, வழுக்கிற்று. நான் உதவப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டார். நான்காவது தடவையில் திருப்பிவிட்டார். சிறகுக்காரி அடியில் போய்விட்டாள், மேலே ராஜா தலை. போதும் என்கிற மாதிரி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

மீசை ஆனது. அசையாமல் காட்டினார்.

26 நவம்பர், ஞாயிறு. கார்த்திகை தீபம்

வாசலில் ஆறு விளக்கு வைத்தேன். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன், அவருக்குத் தெரிய.

சுகந்திக்கு நானே போன் செய்தேன். முதலில் 14-ஆம் தேதியைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று பழைய பழக்கத்தில் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேம்மா" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "அதுக்குத்தாம்மா அனுப்பிரலாங்கறேன்."

"கட்டில் வேண்டாம் கண்ணு. ஆளு பாரு."

"நீ தொரத்திருவ."

"தொரத்த மாட்டேன்."

"நகத்தைச் சதையோட வெட்டினா?"

"வெட்டட்டும். நான் என்ன, தோளைக் கழட்டப் பாத்தவதானே. என் கையும் நல்ல கையில்ல சாமி. என் கை மட்டுந்தான்னு வெச்சுட்டு இருந்தா அவரும் போயிருவாரு, நானும் போயிருவேன்."

ஆகஸ்ட் மாதத்திலிருந்து அவள் சொல்வதும் இதைத்தான் என்றாள். ஆமாம் என்றேன். மகளிடம் தோற்பதில் எனக்கு இப்போது ரோஷமில்லை, அதற்கும் தெம்பு வேண்டும்.

27 நவம்பர், திங்கள்

கட்டில் வேண்டாம் என்று சுகந்தி சொல்லிவிட்டாள். மலம் ஆனது.

29 நவம்பர், புதன்

ஆள் வந்துவிட்டார். மாரப்பன், பக்கத்தில் வாங்கல் ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் வார்டில் இருந்தாராம். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. வந்ததும் என்னிடம் "அக்கா, போய்ப் படுங்க" என்றார். படுத்தேன். காது மட்டும் அந்த அறையிலேயே இருந்தது. குளிப்பாட்டும்போது தண்ணீரை ரொம்ப வேகமாக ஊற்றுகிறார். எழுந்து வாசற்படி வரை போனேன். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிவந்து படுத்தேன்.

1 டிசம்பர், வெள்ளி

மாரப்பனிடம் சொல்லிவிட்டு வெளியே போனேன். ரேஷன் வாங்கினேன். பிறகு ஒரு ஓட்டலில் தனியாக உட்கார்ந்து ரோஸ்ட் சாப்பிட்டேன். ஆகஸ்டுக்குப் பிறகு சுடச்சுட ஒரு வாய் சாப்பிட்டது இன்றைக்குத்தான். இரண்டாவது காப்பியும் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் மாரப்பன் வாசலிலேயே நின்றார். தோளில் துண்டு, கையில் ரேசர், முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க்கா, அண்ணனை வந்து பாருங்க. மீசைல சோறு ஒட்டிக்கிட்டு ஒரே சிக்குங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா அப்படியே சுத்தமா எடுத்துப்போட்டேன். பளபளன்னு இருக்காரு."

உள்ளே போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மீசை இல்லை. நாற்பது வருடத்தில் நான் பார்க்காத ஒரு மேலுதடு, வெளுத்துப்போய், இடது ஓரத்தில் சின்னத் தழும்போடு அங்கே இருந்தது. அந்த முகத்தை எனக்கு யாரென்றே தெரியவில்லை.

எக்ஸ்சேஞ்சில் இருபத்தேழு வருடம் பேசின அத்தனை பேச்சும் தொண்டைக்கு வந்தது. திரும்பினேன். மாரப்பன் ரேசரைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நானும் இப்படித்தான் நின்றேன்.

"காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆங் இல்லை. என்னவோ ஏதோ என்று பார்த்தால் சிரிக்கிறார். வாயின் ஒரு பாதி மட்டும் மேலே போக, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, என் முகத்தையே பார்த்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்கும் வந்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாரப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் கூடச் சிரித்தார்.

மாத்திரை எட்டரைக்குக் கொடுத்தேன். பீரோவில் எழுதாத அட்டைகள் ஒரு கட்டு இருக்கின்றன. ஒன்றை எடுத்து எழுதினேன். என் கையெழுத்து அவர் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்காது. படித்துக் காட்டினேன், கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பெயின்ட் டப்பாவில் அந்தப் பழைய அட்டைக்கு மேலே வைத்தேன். பீரோவைப் பூட்டவில்லை.

மொத்தம்: 1
முன்பக்கம்: ஆண் தலை. மீசை இருந்தது.
கிடைத்த இடம்: எங்கள் வீடு, கரூர்.
கொடுத்தவர்: மாரப்பன்.
நிலை: பளபளப்பு.
யாருக்கும் கொடுப்பதற்கில்லை.